வலது இடுப்பில் ஓர் அங்குலம்

இந்த நாட்டில் யாரும் உடுப்பை நீட்டித் தரச் சொல்லிக் கேட்பதில்லை. லண்டனில், ரெய்னர்ஸ் லேனில் நான் ஆல்டரேஷன் கடை போட்டுப் பதினெட்டு வருடமாகிறது; வருகிறவர்கள் எல்லோரும் குறுக்கத்தான் வருகிறார்கள். காற்சட்டையைக் குறுக்கு, கையைக் குறுக்கு, பாவாடையை முழங்காலுக்கு ஏற்று. ஊரில் நான் தையல் பழகிய காலத்தில், அடுத்த வருடத்துக்கென்று மடிப்புக்குள் நாலு விரல் துணி விடாமல் ஒரு பள்ளிக்கூடச் சட்டை தைத்துக் கொடுத்தால் தாய்மார் கடைவாசலில் நின்று திட்டுவார்கள். இங்கே மடிப்புக்குள் துணி விட்டால், ஏன் இவ்வளவு தடிப்பாக இருக்கிறது என்று கேட்கிறார்கள். நானும் சிரித்துக்கொண்டே வெட்டி எறிகிறேன். ஒவ்வொரு முறையும் மனது ஒருக்கால் சுருக்கென்னும், ஏனென்று பிறகு சொல்கிறேன்.

ஜேர்மனியிலிருந்து லண்டனுக்கு வந்த புதிதில் இன்னொன்றும் எனக்குப் புதினமாக இருந்தது. பொலிஸ்காரரைக் கண்டால் என் கண் முதலில் அவர்களுடைய இடுப்புக்குத்தான் போகும். தையல்காரனின் கண் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் காலத்தில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எவருக்கும் அந்தப் பார்வை இருக்கும். இங்கே தெருவில் நடக்கும் பொலிஸாரில் பெரும்பாலானோரின் இடுப்பில் துப்பாக்கி இல்லை. சாதாரண ஆட்கள் கைத்துப்பாக்கி வைத்திருக்கவே ஏலாது. என் கத்தரிக்கோலைச் சாணை பிடிக்கக் கொண்டுபோகும்போதுகூட, துவாயில் சுற்றி, கடை அட்டையையும் பையில் வைத்துக்கொண்டுதான் ரயில் ஏறுகிறேன். இப்படிப்பட்ட ஊரில் மிச்சக் காலம் போய்விடும் என்று நிம்மதியாக இருந்தேன். என் தங்கை சாந்தி போன வருடம் ஒரு மத்தியானம் அந்த நிம்மதியைக் கெடுத்தாள்.

சாந்தி அமெரிக்காவில், டெக்சாஸில், ஒரு சின்ன ஊரில் கணவனோடு பெட்ரோல் நிலையக் கடை நடத்துகிறாள். ஒருநாள் பட்டப்பகலில் ஒருவன் உள்ளே வந்து மச்சானின் நெற்றியில் துப்பாக்கியை வைத்திருக்கிறான். சுடவில்லை. ஆனால் மச்சான் அன்றோடு வீட்டில் முடங்கிவிட்டார். திரைச்சீலையை இழுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாராம். கடையில் சாந்தி தனியே நிற்கிறாள். அவள் சொல்லாமல் கொள்ளாமல் வகுப்புக்குப் போய், சுட்டுப் பழகி, அனுமதிப் பத்திரமும் எடுத்துவிட்டாள். எனக்குச் செய்தி வரும்போது துப்பாக்கி வாங்கி முடிந்திருந்தது.

வீடியோவில் அவள் அதைப் பற்றிச் சொன்ன விதம், கூறைச் சேலை எடுத்த கதையைச் சொல்வது போலவே இருந்தது. கடைக்காரன் முதலில் காட்டியது உள்ளங்கைக்குள் மறைந்துவிடுகிற சின்னஞ்சிறியது. கைப்பைக்குள் போட்டால் இருப்பதே தெரியாது. ஆசைப்பட்டுச் சுட்டுப் பார்த்தாளாம். பாரம் குறையக் குறைய உதைப்புக் கூடுமாம். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே தோல் உரிந்துவிட்டது. பிறகு அதைவிடக் கொஞ்சம் பெரியது, ஆனால் மெல்லியது, அரைக் கிலோவை ஒட்டி எடை. அதன் பிடியின் பின்பக்கத் தகட்டைக் கழற்றிச் சின்னதாக மாற்றலாம். மாற்றியதும் அவளுடைய குட்டை விரல் விசை வரைக்கும் எட்டியது. உறையோடு இடுப்புக்குள் செருகிப் பார்த்தால் பிடி வெளியே துருத்திக்கொண்டு நின்றது. உறையின் அடியில் ஒரு ரப்பர்க் கட்டையை ஒட்டினாள், பிடி உடம்போடு சாய்ந்துகொண்டது. எல்லாம் சரி, சட்டைதான் சரியில்லை.

"அண்ணை, இஞ்ச விக்கிற உடுப்பெல்லாம் எனக்கு இடுப்பிலை இறுக்கம், இல்லாட்டிச் சாக்கு மாதிரி. நீங்கள் ஒண்டு தைச்சு அனுப்புங்கோவன்."

"என்னாலை ஏலாது, பிள்ளை. கடையை வித்துப்போட்டு இஞ்சை வாங்கோ ரெண்டு பேரும்."

"வந்து? உங்கடை கடையிலை பொத்தான் தைக்கிறதோ?" கோபத்தில் அவளுக்கு மூக்கு விடைக்கும், அப்போதும் விடைத்தது. "ரகு அண்ணைக்குச் சட்டை தைச்சுக் குடுத்தனீங்கள்தானே. எனக்கு அப்ப பன்ரெண்டு வயசு, எல்லாம் ஞாபகமிருக்கு. அந்தச் சேட்டுக்குள்ளை ஒண்டும் தெரியேல்லை. அந்தப் பாவி காட்டிக் குடுக்காட்டி அண்ணை தப்பியிருப்பார்."

நான் போனை வைத்துவிட்டேன். அன்று கடையை நேரத்தோடு பூட்டினேன்.

ரகு எங்கள் இருவருக்கும் நடுவில் பிறந்தவன். பத்தொன்பது வயதில் இயக்கத்துக்குப் போனான். ஒருநாள் மாலை ஒரு சின்னப் பிஸ்டலை இடுப்பில் செருகிக்கொண்டு என் கடைக்கு வந்து, வெளியே தெரியாதபடி சட்டை ஒன்று தைத்துத் தரச் சொன்னான். யாழ்ப்பாணத்துக்குத் துணி வருவது நின்று நின்று வந்த காலம். என்னிடம் இருந்தது யாருக்கோ தைத்து மிஞ்சிய நீலத் துண்டு ஒன்று. வலது பக்கம் இரண்டு விரல் அகலம் கூட்டி வெட்டினேன். நீளத்துக்கு ஓர் அங்குலம் போதவில்லை. அகலத்துக்குக் கொடுத்ததை நீளத்தில் களவெடுத்தேன். சட்டையை வெளியே விட்டுப் பார்த்தான், அச்சாவாக இருந்தது. கையைத் தூக்கியபோது மட்டும் விளிம்பு மேலே ஏறியது. "ஒரு அங்குலம்தானே, கையைத் தூக்காதை" என்றேன். அவன் சிரித்துக்கொண்டே வலது கையால் விளிம்பைக் கீழே இழுத்துவிட்டான். அதற்குப் பிறகு வீட்டில் சாப்பிட்டு எழும்பும்போதும், சைக்கிள் ஏறும்போதும், அந்தக் கை தானாகவே போய்ச் சட்டையை இழுத்துவிடும்.

சந்தியிலிருந்த ஆமிச் சோதனைச்சாவடிக்கு முன்னால் அவனைச் சுட்டார்கள். எதிரே சைக்கிள் கடை வைத்திருந்த செல்லையா அண்ணைதான் கண்ணைக் காட்டியது என்று ஊர் முடிவு கட்டியது. அம்மா சாகும்வரை அவருடைய பெயரைச் சொல்லி மண் அள்ளித் திட்டினாள். அவருடைய கடையில் காற்றடிக்கக்கூட ஒருவரும் போகவில்லை. கொஞ்ச நாளில் குடும்பத்தோடு வன்னிப் பக்கம் போனார், அங்கேயே செத்துப்போனார். ஆனால் அன்று சந்தியில் மீன் விற்ற ஒரு மனுசி எனக்கு மட்டும் சொன்னாள்: "ஒருதரும் காட்டிக் குடுக்கேல்லைத் தம்பி. அவன் தானாத்தான் சேட்டைக் கீழை இழுத்தவன். உடனை ஆமிக்காரன் திரும்பிப் பாத்தவன்." இதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. செல்லையா அண்ணையிடமும் போகவில்லை. வேறு எவருக்கும் சொல்லவில்லை. நான் கோழை, வேறென்ன.

ஒரு கிழமை கழித்துச் சாந்திக்குத் தைக்கத் தொடங்கினேன். நான் தைக்காவிட்டாலும் அவள் துப்பாக்கியோடுதான் கடைக்குப் போவாள். அரைகுறைச் சட்டையோடு போவதைவிட என் சட்டையோடு போகட்டும் என்று நினைத்தேன். அவள் எழுதி அனுப்பிய துப்பாக்கியின் அளவுக்கு ஒரு சவர்க்காரப் பெட்டியை எடுத்து, பழைய பித்தளைப் பொத்தான்களை நிரப்பி, சமையலறைத் தராசில் நிறுத்து, கடையில் நிற்கும் பொம்மையின் இடுப்பில் கட்டினேன். துப்பாக்கி வடிவத்தில் எதையாவது வெட்டி வைக்க இந்த ஊரில் எனக்குப் பயம். நீலத் துணிதான் எடுத்தேன், ஏனென்று தெரியாது.

அந்த நேரம் பார்த்து, பாவாடை குறுக்கக் கொடுத்திருந்த வெள்ளைக்கார அம்மா ஒருவர் வந்தார். பொம்மையின் வலது இடுப்பைக் கண்டதும் அவருடைய முகம் மாறியது. யாருக்கு என்று கேட்டார். தங்கைக்கு என்றேன். தன்னுடைய கணவருக்கும் வயிற்றில் சத்திரசிகிச்சை செய்து அந்த இடத்தில்தான் கழிவு சேரும் பை வைத்திருந்தார்கள், அவருடைய எல்லாச் சட்டையும் இப்படி விட்டுத்தான் தைப்பித்தோம் என்று மெதுவாகச் சொன்னார். என் கையைத் தட்டிக்கொடுத்து, தங்கையைத் தைரியமாக இருக்கச் சொல்லு என்றார். நான் தலையாட்டினேன். உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த மனுசி வாசலைத் தாண்டி ஓடியிருக்கும். கதவு மூடியதும் எனக்கு அழுகை வந்தது. பொய் சொல்லி வாங்கிய இரக்கம் என்றாலும் எனக்கு அது தேவைப்பட்டது.

பொதி போய்ச் சேர்ந்ததும் சாந்தி வீடியோவில் வந்தாள். இங்கே மத்தியானம், அங்கே அவள் கடை திறக்கிற நேரம். சட்டையைப் போட்டுக்கொண்டு சுற்றிக் காட்டினாள். முன்னால், பின்னால், பக்கவாட்டில், ஒன்றும் தெரியவில்லை. "உங்கடை கை இன்னும் போகேல்லை, அண்ணை" என்று சந்தோசப்பட்டாள். பிறகு போனை மேசையில் நிமிர்த்தி வைத்துவிட்டு, மேல்தட்டிலிருந்து ஒரு சிகரெட் பெட்டியை எட்டி எடுத்தாள். எடுத்துக் கையை இறக்கியதும், அவளுடைய வலது கை போய்ச் சட்டை விளிம்பைக் கீழே இழுத்துவிட்டது.

"கையை எடு!" நான் கத்திவிட்டேன். கடைக்குள் அந்தச் சத்தம் எனக்கே பிறத்தியாரின் சத்தமாகக் கேட்டது.

"என்ன அண்ணை? வகுப்பிலையும் இதைத்தான் சொன்னவங்கள், தொட்டுத் தொட்டுப் பாக்கக் கூடாதாம். பழகிவிடும்."

"பழகாது, பிள்ளை. ரகுவும் இப்பிடித்தான் இழுத்தவன்."

அதற்குப் பிறகு சொல்லாமல் இருக்க முடியவில்லை. நீலத் துண்டு, போதாத ஓர் அங்குலம், மீன்காரி, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லாவிட்டால் அவள் நாளைக்கும் இழுப்பாள், யாராவது ஒருவன் பார்ப்பான். சொன்னால் எனக்கு மிஞ்சியிருக்கிற ஒரே சகோதரியும் போய்விடுவாள். கடைசியில் ஒன்றுதான் கேட்டாள்.

"அப்ப செல்லையா அண்ணை?"

"அவர் ஒண்டும் செய்யேல்லை."

"அவரின்ரை பிள்ளையளோடை கதைக்கக் கூடாதெண்டு அம்மா என்னை அடிச்சவ. அவரின்ரை மகள் பள்ளிக்கூடத்திலை என்ரை வாங்கிலைதான் இருந்தவள். நான் அவளின்ரை கொப்பியைக் கிழிச்சு எறிஞ்சனான்." திரை கறுப்பாகிவிட்டது.

மூன்று கிழமை அவளிடமிருந்து ஒரு சொல் வரவில்லை. நான் போன் எடுத்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கும். டெக்சாஸ் செய்தி எதையாவது போனில் கண்டால் முதலில் ஊர்ப் பெயரைத் தேடுவேன். பிறகு ஒருநாள் தபால்காரன் ஒரு பொதியைத் தந்துவிட்டுப் போனான். என் சட்டை திரும்பி வந்திருந்தது. அதன் பைக்குள் இரண்டு மடிப்பாக ஒரு கடதாசி.

"இன்னும் ஒரு அங்குலம் இறக்கி விடுங்கோ. அவரும் கடைக்கு வரத் தொடங்கியிருக்கிறார், பின்னேரத்தில் மட்டும். செல்லையா அண்ணையின் மகள் கனடாவில் இருக்கிறாள். நம்பர் கீழே இருக்கு. நான் கதைக்க மாட்டன். நீங்கள்தான் கதைக்க வேணும்."

சட்டையின் கீழ் மடிப்பைப் பிரித்தேன். உள்ளே அரை அங்குலத் துணிதான் இருந்தது. மற்றவர்களுக்கு வெட்டி வெட்டிப் பழகிய கை, சொந்தத் தங்கையின் சட்டையிலும் மடிப்புக்குத் துணி விடவில்லை. மிச்சத்துக்கு அதே நீலத்தைத் தேடினேன். ரெய்னர்ஸ் லேனிலும் கிடைக்கவில்லை, நோர்பரியில் ஒரு தெரிந்தவரின் கடையிலும் கிடைக்கவில்லை. கடைசியில் கொஞ்சம் கறுத்த நீலத்தில் ஒரு துண்டை ஒட்டுப் போட்டேன். பழைய மடிப்பு இருந்த இடத்தில் தண்ணீர் தெளித்து, எத்தனை தரம் அயன் பண்ணினாலும் அந்தக் கோடு போகவில்லை. மேலே ஒரு நீலம், கீழே ஒரு நீலம், நடுவில் கோடு. பொம்மைக்குப் போட்டு, சவர்க்காரப் பெட்டியைக் கட்டி, அதன் கையைத் தூக்கிப் பார்த்தேன். விளிம்பு ஏறவில்லை.

சட்டையைத் தபாலில் போட்டுவிட்டு வந்து, கடைக் கதவில் மூடியிருக்கிறது என்ற அட்டையைத் திருப்பினேன். கனடாவில் அப்போது காலை. நம்பரை அழுத்தினேன். நாலாவது மணிக்கு எடுத்தாள், பின்னால் பிள்ளைகளின் சத்தம்.

"ஹலோ, ஆர் கதைக்கிறது?"

இந்த ஊரில் நான் ஆல்டரேஷன்காரன். வாடிக்கையாளருக்கு என் பெயரில் பாதி மட்டும் தெரியும். இத்தனை வருடமாக இங்கே எவரும் என்னிடம் நீ யாருடைய பிள்ளை, யாருடைய தமையன் என்று கேட்டதில்லை. அதற்காகவே இந்த ஊரை எனக்குப் பிடித்திருந்தது.

"தங்கச்சி," என்றேன், "நான் ரகுவின்ரை அண்ணை கதைக்கிறன்."