தோளின் பின்பக்கம்

திருச்சி தில்லை நகரில் இருதயமேரிக்குக் கெட்டிக்காரி என்று பெயர். தோள் இறுகிக் கை தூக்க முடியாமல் வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற பிசியோதெரபிஸ்ட். அந்தச் சொல் யார் வாயிலும் நுழையாததால் ஊருக்கு அவள் 'எக்சர்சைஸ் டாக்டரம்மா'. ஒன்பது வருடமாக ஒரே முறைதான். நோயாளியை எதிரே உட்கார வைப்பாள், கையைப் பிடித்து, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தள்ளுவாள். என்றைக்குக் கை உச்சந்தலையைத் தொடுகிறதோ, அன்றைக்கு நோட்டில் 'குணம்' என்று எழுதி அனுப்பிவிடுவாள்.

1982-ல் ஸ்ரீரங்கத்தில் ஒரு மண்டபத்தில் தோள் சிகிச்சைக்கென்றே நான்கு நாள் பயிற்சி நடந்தது. சொல்லிக்கொடுக்க மெட்ராஸிலிருந்து வந்த பேட்ரிசியா, இருதயமேரியைவிடப் பத்து வயது சின்னவள். நேற்று முளைத்தது நமக்கு என்ன சொல்லித் தரப்போகிறது என்று இவள் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டாள். நல்ல மனுஷிதான், தலைக்கனமும் கொஞ்சம் உண்டு, அதை மறைப்பானேன்?

தோளின் சூட்சுமம் முதுகில்தான் தெரியும், யாராவது முன்வர முடியுமா என்று பேட்ரிசியா கேட்டாள். வந்திருந்த பன்னிரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். பெண்கள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். ஆண்கள் சட்டைப் பொத்தானைத் தொட்டுப் பார்த்ததோடு சரி. நல்லவேளையாக மண்டபத்துச் சமையற்காரர் அழகிரி காபி கொண்டுவந்தார். வெற்றுடம்பு, மேலே ஒரு துண்டு, அவ்வளவுதான். விஷயத்தைச் சொன்னதும் துண்டை எடுத்துவிட்டு, திரும்பி நின்று, கையை மெல்லத் தூக்கினார்.

இருதயமேரி எழுந்தே நின்றுவிட்டாள். முதுகின் மேல்புறத்து முக்கோண எலும்பு, கை ஏற ஏறத் தானும் சுழன்று, விலாவின் மேல் வழுக்கிக்கொண்டு வெளிப்பக்கம் போனது. கை இறங்கியதும் சமர்த்தாகத் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தது. படத்தைப் பார்த்துப் படித்து அவள் மார்க் வாங்கிய எலும்புதான். அவளிடம் வந்தவர்கள் பெரும்பாலும் புடவை கட்டிய பெண்கள். முதுகைக் காட்டுங்கள் என்று கேட்க அவளுக்கும் கூச்சம். அதனால் அது உயிரோடு அசைவதை இன்றைக்குத்தான் பார்க்கிறாள். ஆண்டவரே, இவ்வளவு நேர்த்தியாகவா செய்து வைத்திருக்கிறீர் என்று உடம்பு சிலிர்த்தது. அழகிரியை இன்னொரு முறை தூக்கச் சொன்னாள். மூன்றாம் முறையும் கேட்டாள். காபி ஆறிப்போயிற்று.

இந்த எலும்பு அசையாதவர்கள் தலை குனிந்து உச்சந்தலையைக் கையால் எட்டித் தொட்டுவிடுவார்கள், நாம் ஏமாந்துவிடக் கூடாது என்றாள் பேட்ரிசியா. இருதயமேரிக்குப் பழைய நோயாளி ஒருத்தி நினைவுக்கு வந்தாள். மூன்று வருடத்துக்கு முன்னால் மணப்பாறைப் பக்கத்திலிருந்து மாரியாயி என்று ஒரு விவசாயப் பெண் வந்திருந்தாள். வரப்பில் வழுக்கி விழுந்து, கட்டுப் பிரித்த பிறகு தோள் இறுகிப்போனவள். கடைசி நாளில் உச்சந்தலையைத் தொட்டபோது அவள் தலை குனிந்துதான் இருந்தது. மரியாதைக்குக் குனிகிறாள் என்றல்லவா இருதயமேரி நினைத்தாள்!

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு மணப்பாறை பஸ் ஏறினாள். தேடிப் பிடித்து வீட்டுக்குள் போய், மாரியாயியைத் திரும்பி உட்காரச் சொல்லி, முதுகில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கையைத் தூக்கச் சொன்னாள். கை தோள் உயரம்கூட வரவில்லை. எலும்பு மரக்கட்டையாகக் கிடந்தது. மூன்று வருடமாக மாரியாயி குனிந்தே தலை வாரிக்கொண்டிருக்கிறாள்.

"அன்னைக்கு ஏறிடுச்சுன்னு சொன்னீங்களே?" என்று கேட்டாள் இருதயமேரி.

"ரெண்டு மாசம் வேர்க்க விறுவிறுக்கப் பாடுபட்டீங்க. ஏறலைன்னா உங்க மனசு நோகும்லங்க? அதான் குனிஞ்சு தொட்டுக் காட்டிட்டேன்."

எலும்பைப் பார்த்து வியந்ததெல்லாம் ஒன்றுமேயில்லை என்று இருதயமேரிக்குத் தோன்றியது. தன் வலியை விழுங்கிக்கொண்டு, வைத்தியம் பார்த்தவளுக்கு ஆறுதல் சொல்லி அனுப்பியிருக்கிறாளே! தப்பு தன்னுடையது, மறுபடி வர வேண்டும் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டாள்.

மாரியாயியும் வாரம் தவறாமல் பஸ் ஏறி வந்தாள். இருதயமேரி இப்போது எதிரே உட்காருவதில்லை, தள்ளுவதும் இல்லை. முதுகுப் பக்கம் நின்று எலும்பைக் கொஞ்சம் கொஞ்சமாக இளக்கினாள். ஐந்தாவது மாதம் ஒரு வியாழக்கிழமை, அவள் உள்ளங்கைக்கு அடியில் அது லேசாக நழுவிச் சுழன்றது. மாரியாயியின் கை நெற்றியைத் தாண்டிப் போய் நின்றது. கழுத்து குனியவே இல்லை.

"இதுக்கு மேல ஏறலைங்க டாக்டரம்மா," என்றாள் மாரியாயி.

மறைக்காமல் சொன்ன அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுத்தான் இருதயமேரி அழுதாள்.