ஐஸ் ஏரிக்குப் போகக் கேட்ட மாப்பு

இவர் ஐஸில் மீன் பிடிக்கப் போகிறேன் என்று முதன்முதல் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன்.

"மீனுக்கு ஐஸ் போடுறதத்தான் நாம கண்டிரிக்கம். ஐஸுக்குள்ள மீன் புடிக்கிற ஆக்கள இப்பதான் கேள்விப்படுறன்" என்றேன்.

கனடாவில் இருந்து இவரும் சிரித்தார். கணவனும் மனைவியும் போனில் ஒன்றாகச் சிரித்து வெகு காலமாகியிருந்தது. இரண்டாவது முறையும் இவருடைய அகதி விண்ணப்பம் அங்கே நிராகரிக்கப்பட்டிருந்தது. அதற்கு முந்திய நோன்பில் மாமி மௌத்தாகி, பெற்ற தாயின் ஜனாஸா அடக்கத்தை இவர் ஒரு சின்னப் போன் திரையில் பார்த்தார். அதன் பிறகு இவரிடம் இருந்து வருவதெல்லாம் "ஓம்", "இரிக்கன்", "திண்டுட்டன்" என்ற மூன்று சொற்கள்தான். நான் கதைப்பேன், இவர் கேட்பார். சில நேரம் கேட்கிறாரா என்பதும் தெரியாது.

இலங்கையின் கிழக்குக் கரையில், எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குச் சொந்தம். சாய்ந்தமருதில் வாப்பா எனக்குக் கட்டித் தந்த வீட்டை விற்றுத்தான் இவர் போனார். கையெழுத்து வைத்தவள் நான். யாரும் என் கையைப் பிடித்து வைக்கவில்லை. இப்போது எனக்கு மூத்தவ, ராத்தாவின் வீட்டுப் பின்னறையில் நானும் மகளும் ஒரு தையல் மெஷினும் இருக்கிறோம். கடைகளுக்கு அபாயா தைத்துக் கொடுக்கிறேன். வீட்டைப் பற்றி இவரிடம் நான் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. என் வாயைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்பது தெரியும்.

இப்படி இருந்த மனிதர் திடீரென்று ஏரியைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். நகரத்துக்கு வடக்கே பெரிய ஏரியாம், நம் கடலைப் போலவே அக்கரை தெரியாதாம். மாரிக் குளிரில் மேல்தண்ணீர் ஐஸாக இறுகிவிடுமாம். அதன் மேல் ஆட்கள் நடந்து போய்க் கூடாரம் அடித்து, வேலிக்கட்டைக்குக் குழி தோண்டுவது போல ஒரு இரும்பைத் திருகி ஐஸில் ஓட்டை போடுவார்களாம். அகப்பைக் காம்பு அளவு தூண்டில் போதும். உயிருள்ள சின்ன மீன்தான் இரை. இதையெல்லாம் சொல்லி வீடியோக்களும் அனுப்பினார். சிவந்த மூக்கோடு வெள்ளைக்காரர்கள் ஓட்டைக்குள் பார்த்துக்கொண்டு குந்தியிருந்தார்கள். கல்முனைக்குடிப் போட்டில் கடலுக்குப் போய் வந்த இவருக்குத் தண்ணீரின் நினைப்பு வந்துவிட்டது, இனித் தேறிவிடுவார் என்று நம்பினேன். அன்று பின்னேரம் ராத்தாவுக்கும் சேர்த்துத் தேநீர் ஊற்றினேன்.

நானும் கடல்காரனின் மகள். வாப்பா வலை ஏற்றும்போது பக்கத்தில் நின்று ஆயிரம் கேள்வி கேட்டு வளர்ந்தவள். அந்தப் பழக்கத்தில் இவரிடமும் ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

"எத்தின பேர் போறீங்க?"

"பாப்பம்."

"ஆர்ர வாகனத்தில?"

"பஸ் போகுது."

"மறுகா, புடிக்கிற மீன எதுல போட்டுக் கொண்டாறது?"

"புடிபட்டாத்தானே புள்ள" என்றார்.

எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. எங்கள் ஆட்கள் கடலுக்குப் போகும்போது வெறும் வலையைப் பற்றி வாய் தவறியும் சொல்ல மாட்டார்கள். மீன் பெட்டி முதலில் போட்டில் ஏறும், எரிபொருள் அதற்குப் பிறகுதான் ஏறும். துளைக்கிற இரும்பின் வாய் எத்தனை அகலம் என்று சொல்லத் தெரிந்த மனிதருக்குப் பெட்டியின் நினைப்பு வரவில்லை. சரி, குளிரில் மூளையும் இறுகிப் போயிருக்கும் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

அடுத்த நாள் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த ராத்தா சொன்னா, "உண்ட மாப்புள எனக்குக் கோல் எடுத்து மாப்புக் கேட்டாரு. என்ன, ஹஜ்ஜுக்குக் கிஜ்ஜுக்குப் போகப் போறாரா?"

எங்கள் ஊரில் ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் புறப்படுமுன் வீடு வீடாகப் போவார்கள். தெரிந்தும் தெரியாமலும் நான் செய்த பிழைகளைப் பொருந்திக்கொள்ளுங்கள், மன்னித்துவிடுங்கள் என்று மாப்புக் கேட்பார்கள். பொருந்திவிட்டோம் என்று மற்றவர்கள் சொல்லுவார்கள். மனிதனுக்குச் செய்த பிழையை அந்த மனிதன் பொருந்தாமல் அல்லாஹ்வும் மன்னிப்பதில்லை என்பது எங்கள் நம்பிக்கை. திரும்பி வராமலும் போகலாம் என்கிற பயணத்துக்குத்தான் அப்படிக் கேட்பார்கள்.

அன்றைக்கே கல்முனைக்குடியில் இவரோடு முன்பு ஒரே போட்டில் போன மனிதரைச் சந்தையில் கண்டேன். வலை அறுந்த ஒரு சண்டைக்குப் பிறகு இரண்டு பேரும் முகம் பார்த்ததில்லை. அவர் சிரித்துக்கொண்டே வந்தார்.

"உங்கட ஆள் எனக்கும் கதைச்சாரு தங்கச்சி. அந்த வலைப் பிரச்சினைய மறந்து பொருந்திக்கொள்ளு எண்டாரு. கனடாவுக்குப் போனா எல்லாரும் நல்லவனாகிருவானுகள் போல."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பொருந்திட்டன் எண்டு சொன்னன். வேற என்னத்தச் சொல்ல?"

மீன் வாங்காமல் திரும்பினேன். சந்தையில் இருந்து வீடு வரும் வரைக்கும் எனக்கு எதிரே வந்த யாரையும் நான் பார்க்கவில்லை. இவர் மீன் பிடிக்கப் போகவில்லை. திரும்பி வராமல் இருக்கப் போகிறார். தனியாக, பஸ்ஸில், பெட்டியில்லாமல். அது எனக்கு அப்போது சந்தேகமே இல்லாமல் தெரிந்தது. அட்டாளைச்சேனையில் இருக்கும் இவருடைய சின்னம்மா, சாச்சிக்குப் போன் எடுத்தேன். ஓம், அவவிடமும் கேட்டாராம். அவவும் பொருந்திவிட்டாவாம். பக்கத்து வீட்டுக்கு ஒரு கோப்பை சீனி கொடுப்பது போல எல்லோரும் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

யாரிடம் சொல்லுவது? இப்படியொரு சொல்லை எங்கள் வீடுகளில் யாரும் வாயால் எடுப்பதில்லை. ராத்தாவின் புருஷன் மச்சானிடம் சொன்னால், அல்லாஹ்வை நம்பாத, ஈமான் இல்லாத கதை என்று என் வாயைத்தான் அடைப்பார். இவரிடமே நேரே கேட்கவும் பயம். கேட்டால் போனை வைத்துவிடுவார், வைத்தால் நான் எங்கே போய்த் தேடுவது? கனடாவில் எனக்குத் தெரிந்த ஒரேயொரு இடம் அந்தப் போன் திரை மட்டும்தான்.

இவரோடு ஒரே அறையில் இருக்கும் தமிழ்த் தம்பி ஒருவர் பாண்டிருப்பைச் சேர்ந்தவர் என்பது நினைவுக்கு வந்தது. ஒரு முறை வீடியோவில் தலையைக் காட்டி, தன் தாயின் வீடு கோயிலுக்குப் பின்னால் என்று சொல்லியிருந்தார். தமிழருக்கும் எங்களுக்கும் சண்டை நடந்த பிரச்சினைக் காலத்துக்குப் பிறகு நான் அந்தப் பக்கம் அதிகம் போனதில்லை. வெள்ளிக்கிழமை காலை, மழையோடு ஓட்டோ பிடித்துப் போனேன். ஓட்டோக்காரர் கேட்டதற்கு, தைத்த துணி கொடுக்கப் போகிறேன் என்று பொய் சொன்னேன். கையில் துணி இல்லை.

அந்தத் தாய் என்னை முன்பின் கண்டதில்லை. நனைந்து நின்ற என்னை உள்ளே கூப்பிட்டுக் கதிரை போட்டா. நான் சொன்னது இவ்வளவுதான்: "உங்கட மகனோட இரிக்கிறவர்ர பொஞ்சாதி நான். அவர் தனிய ஐஸ் ஏரிக்குப் போகப் போறாராம். ஊரெல்லாம் மாப்புக் கேட்டுட்டாரு."

அவ ஒன்றும் திருப்பிக் கேட்கவில்லை. போனை எடுத்து மகனைக் கூப்பிட்டா. அங்கே வியாழன் இரவு.

"அவர் எப்ப போறார் மனே?"

"சனிக்கிழமை எண்டவர் அம்மா. நானும் வாறன் எண்டு கேட்டனான். வேணாம் எண்டிட்டார்."

"வேணாமெண்டாலும் போ. குளிக்கிற அறைக்குப் போனாலும் வாசல்ல நில். விளங்குதா?"

"விளங்குதம்மா" என்றது மகனின் குரல்.

போனை வைத்துவிட்டு அவ என் முந்தானையைப் பிடித்து மழைத்தண்ணீரைப் பிழிந்துவிட்டா. அங்கேதான் நான் அழுதேன்.

மறுநாள் சனிக்கிழமை காலை இவர் அழைத்தார். அங்கே இன்னும் வெள்ளி இரவு. விடிந்தால் பயணம். நான் மெஷினை நிறுத்தினேன். குரல் மிகவும் அமைதியாக இருந்தது. அந்த அமைதிதான் என்னை உலுப்பியது.

"புள்ள, எல்லாரும் பொருந்திட்டாங்க. நீயும் பொருந்திக்கொள்ளு."

"என்னத்த?"

"எல்லாத்தையும். உண்ட வீட்ட."

நான் கடைசி ஆளாக மிஞ்சியிருந்தேன். என் ஒரு சொல்லுக்காகத்தான் இவர் காத்திருக்கிறார். அதைக் கொடுத்துவிட்டால் இவருக்கு இங்கே ஒரு கடமையும் மிச்சமில்லை. வாப்பாவின் வீடு, முற்றத்து மாமரம், கையெழுத்து வைத்த அந்தக் காலை எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன.

"பொருந்த மாட்டன்" என்றேன்.

"என்ன புள்ள இது…"

"பொருந்த மாட்டன். எண்ட வாப்பா கட்டின வீடு அது. போன்ல கேட்டுத் தாறதுக்கு அது என்ன ரீலோட் காசா? வேணுமெண்டா வாங்க. எண்ட முகத்தப் பாத்து, இந்த வாசல்ல நிண்டு கேளுங்க. அது வரைக்கும் இந்தத் துனியாவிலயும் பொருந்த மாட்டன், அல்லாஹ் கணக்குக் கேக்குற மஹ்ஷர்லயும் பொருந்த மாட்டன்."

என் குரல் கேட்டு ராத்தா ஓடி வந்து வாசலில் நின்றா. இவர் அழுதார். கல்யாணம் முடித்த நாளில் இருந்து இவர் அழுது நான் கேட்டதில்லை, தாய் மௌத்தான அன்றும் கூட.

"அங்க வாறதுக்கு எனக்கு முகமில்ல புள்ள."

"முகம் வாற நேரம் வாங்க. அது வரைக்கும் இரிங்க."

அந்த நேரம் பின்னால் அந்தத் தம்பியின் குரல் கேட்டது. "அண்ணே, நாளைக்கு நானும் வாறன். ரெண்டு கதிரை எடுக்கவா?"

"இவன் ஒருத்தன்" என்று இவர் மூக்கை உறிஞ்சினார். நான் போனை வைக்கவில்லை. அந்தப் பக்கத்தில் கதவு, தண்ணீர், கதிரை என்று ஏதேதோ சத்தங்களைப் பகல் உணவு நேரம் வரை கேட்டுக்கொண்டே இருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை அவர்கள் ஏரிக்குப் போகவில்லை. இவர் நாள் முழுக்கத் தூங்கினாராம். தம்பி எனக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினார், திறந்தால் வெறும் குறட்டை. முன்பு அந்தக் குறட்டைக்காக இவரை எத்தனையோ தரம் விலாவில் குத்தியிருக்கிறேன். அன்று அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். இப்போது அந்தத் தம்பிதான் இவரை டாக்டரிடமும் கூட்டிப் போகிறார். மருந்து குடிக்கிறாராம். சில கிழமைகள் நல்லது, சில கிழமைகள் பழைய "ஓம்", "இரிக்கன்". போன் அடித்து எடுக்காவிட்டால் இன்னும் நான் உடனே அந்தத் தம்பிக்கு அடிக்கிறேன்.

ஏரித் திட்டம் கைவிடப்படவில்லை. அடுத்த மாரிக்கு இருவருமாகப் போவதாம். போன மாதம் ஒரு படம் வந்தது, பாரமில்லாத வெள்ளை ரெஜிபோம் பெட்டி, மீன் போட. பெட்டி வாங்கியிருக்கிறார். நான் பதிலுக்கு, பெட்டி சிறிது என்று மட்டும் சொன்னேன்.

ஒவ்வொரு வெள்ளியும் இவர் கேட்கிறார், இப்ப பொருந்துவியா என்று. இல்லை என்கிறேன். உண்மையில் அந்த வீட்டை விற்ற அன்றே நான் பொருந்திவிட்டேன், அது அல்லாஹ்வுக்குத் தெரியும். இவர் புத்தகம் வாசிக்கிற ஆள் இல்லை, அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். இதை வாசிக்கிற யாராவது அங்கே இவரைக் கண்டால், நான் இன்னும் பொருந்தவில்லை என்றே சொல்லுங்கள்.