பாதி எலிகளின் கணக்கு

கனகம் நெய்வேலியில் எங்களுக்கு எதிர் குவார்ட்டர்ஸ். வேதியியல் படித்தவள், வடலூரில் உரக்கடை வைத்திருக்கிறாள். கணவர் குமரவேல் மைன்ஸில் பர்மனென்ட். பூச்சிமருந்து வாங்க வருகிற யாரையும் அவள் சும்மா அனுப்பமாட்டாள். டப்பாவில் உள்ள முக்கோணத்தின் நிறத்தைக் காட்டி விளக்கம் சொன்ன பிறகுதான் பில். காத்திருக்கிற எனக்கு எரிச்சலாக வரும். ஆனாலும் அவளை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஒருமுறை நான் கடையில் இருந்தபோது நெல்லிக்குப்பத்துக் கரும்பு விவசாயி ஒருவர் தலைகீழான சிவப்பு முக்கோணத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, பூச்சிக்குக் குடும்பக் கட்டுப்பாடா?" என்றார். கனகம் சிரித்து ஓய வெகுநேரமானது.

"இல்லீங்க. எலிங்களுக்கு மருந்தக் குடுத்துப் பாப்பாங்க. எலியோட எடைக்கு எவ்ளோ குடுத்தா பாதி எலி சாவுதோ, அதான் கணக்கு. துளியூண்டுலயே பாதி செத்தா சிவப்பு. அடுத்து மஞ்சள், நீலம். ரொம்ப நிறைய வேணும்னா பச்சை. பச்சையும் விஷந்தாங்க."

ஊருக்கெல்லாம் சொன்னவளின் பேச்சு வீட்டில் மட்டும் எடுபடவில்லை. லீவு நாளில் குமரவேல் தன் ஊர்க் கத்திரிக் கொல்லைக்கு மருந்தடிக்கப் போவார். சட்டை கிடையாது, மூக்கில் ஒரு துணி கிடையாது. சாயங்காலம் தலை சுற்றுகிறது என்று படுத்துக்கொண்டு வெயிலைத் திட்டுவார். இந்த மனுஷனை இழந்துவிடுவோமோ என்று கனகம் பயந்தாள். கெஞ்சினாள், சண்டை போட்டாள், பேசாமலும் இருந்து பார்த்தாள்.

"நீலந்தானே," என்பார் அவர். "மீதிப் பாதி எலி பொழச்சுக்கினுதானே இருக்குது? நான் அந்தப் பாதின்னு வச்சிக்கோ."

மைன்ஸில் ஹெல்மெட் இல்லாமல் கால் வைக்காத ஆள் அவர். கேட்டால், அங்கே சூப்பர்வைசர் இருக்கிறாராம்.

2016 வாக்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கனகம் கடையைப் பூட்டிவிட்டு நேராகக் கொல்லைக்குப் போனாள். முதுகில் டேங்க்கோடு மருந்தடித்துக்கொண்டிருந்தவர் பக்கத்தில், முகத்தை மூடாமல் போய் நின்றாள்.

"காத்து உன் பக்கம் வருது. தள்ளிப் போ."

"இருக்கட்டுங்க. பாதிதானே? நாம ரெண்டு பேரு, ஒருத்தர் பொழச்சுக்குவோம். யாருன்னு மட்டும் சொல்லிட்டு அடிங்க."

குமரவேல் டேங்க்கை இறக்கி வைத்தார். அவள் பையிலிருந்து மாஸ்க்கும் கையுறையும் முழுக்கைச் சட்டையும் எடுத்து நீட்டினாள்.

இதை அவரே என்னிடம் சொன்னார்.

"சாவறது அவன்னு சொல்ல வாய் வரலீங்க. நான்னு சொன்னா அவ அந்த எடத்த வுட்டு நவுரமாட்டா. இன்னா பண்றது, வாங்கிக் கட்டிக்கினேன்."