காலை மட்டும் நனைக்கிறவர்கள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கட்டட வரைபடம் போடும் தொழிலுக்கு வந்து இருபது வருஷமாகிறது. கோபத்தில் விட்டுவிட்டு வந்த வேலைகள் நிறைய. அதனால்தான் செங்கல்பட்டு ஜவுளிக்கடை பாய் கூப்பிட்டு அனுப்பியபோது என் வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். "பெரிய வேலை. அந்த வாயை மட்டும் வீட்ல வச்சுட்டுப் போம்மா."

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கம் போகும் வழியில், பாய் குடும்பத்துக்குக் கடலோரமாக ஒரு பெரிய சவுக்குத் தோப்பு இருக்கிறது. ஓர் ஓட்டல் கம்பெனியோடு சேர்ந்து அங்கே ஓட்டல், குடியிருப்பு, ஆபீஸ், வரிசையாகக் கடைகள் என்று கட்டப்போகிறார்கள். அரசாங்கம் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. மெயின் ரோட்டிலிருந்து கடலுக்குப் பொதுமக்கள் போய்வர வழி விட்டாக வேண்டும்.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பெரிய திட்டத்தில் எனக்கு ஆசையாக இருந்தது அந்த வழி ஒன்றுதான். அதை நட்டநடுவில் போட்டேன். முப்பதடி அகலம், இரண்டு பக்கமும் புங்க மரம், மரத்துக்குப் பின்னால் கடைகள். கேட் கிடையாது. திருக்கழுக்குன்றத்திலிருந்து டிபன் கேரியரோடு பஸ்ஸில் வந்து இறங்குகிற பொம்பளைக்கு, இறங்கின இடத்திலிருந்தே கடல் தெரிய வேண்டும். படத்தை முடித்துவிட்டு நானே நாலு தடவை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டேன்.

ஓட்டல் கம்பெனிக்காரர் ஒரே ஒரு தடவைதான் பார்த்தார். "ரொம்ப அழகா இருக்கு மேடம். ஆனா இந்த வழியை மட்டும் தெற்கு ஓரமாத் தள்ளிடுங்க."

தெற்கு ஓரத்தில் ஜெனரேட்டர் அறையும் கழிவுநீர்த் தொட்டிகளும் வருகின்றன.

"சட்டப்படி வழி இருந்தா போதும். ஞாயித்துக்கிழமை கூட்டம் மொத்தமும் ஈரத்தோட சொட்டச் சொட்டக் கடை வாசல்ல நடந்து போனா, யாரு மேடம் கடை எடுக்க வருவாங்க?"

"அந்த வழி ஜெனரேட்டர் பின்னால போச்சுன்னா, நானும் இந்த வேலையை விட்டுப் போயிடுவேன்" என்றேன். சொன்ன பிறகுதான் வீட்டுக்காரர் கும்பிட்டது ஞாபகம் வந்தது.

பாய் தாடியைச் சொறிந்தார். "இரும்மா. ஏன் பேஜாரு பண்ற? அந்தாளு சொல்றதுலயும் நாயம் கீது. திங்கக்கிழமை முடிவு சொல்றேன்."

"அதுக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமை என்கூட மாமல்லபுரம் வாங்க பாய். ஜனங்க கடலுக்கு எப்படி வராங்கன்னு ஒரு தடவை பாருங்க. அப்புறம் முடிவு சொல்லுங்க."

"நான் பாக்காத கடலா?" என்று சிரித்தவர், ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்துக் குடும்பத்தையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவர் மனைவி பாயம்மா, இரண்டு மருமகள்கள், ஒரு தேக்சா நிறைய பிரியாணி.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாருமே கடலில் குளிக்கப் போவதில்லை. யாரைக் கேட்டாலும் "காலை மட்டும் நனைச்சுக்கினு வந்துடலாம்" என்பார்கள். மாற்றுத்துணி எடுத்துவர மாட்டார்கள். எடுத்தால் குளிக்கத்தான் போகிறோம் என்று ஒத்துக்கொண்டதாகிவிடுமே! என் வீடும் அப்படித்தான். பள்ளிக்கூட நாளிலிருந்து காலை மட்டும் நனைக்கப் போய்த் தலைமுடியெல்லாம் மணலோடு திரும்பி வந்திருக்கிறேன்.

பாயம்மாவும் அதையேதான் சொன்னார். முதல் அலை கணுக்கால் வரைக்கும் வந்தது. இரண்டாவது முழங்கால் வரைக்கும். மூன்றாவது அலை வந்தபோது பாயம்மா என்ன நினைத்தாரோ, புர்காவோடு அப்படியே தண்ணீரில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்து சிரித்தார் பாருங்கள்! ஐம்பதைத் தாண்டிய மனுஷி, வாய்விட்டு, மூச்சு வாங்க, கையால் தண்ணீரைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "ஏய், எழுந்துருடி! இன்னா பண்ற?" என்று கத்திக்கொண்டே ஓடிய பாயை அடுத்த அலை உருட்டிவிட்டது. தொப்பி ஒரு பக்கம் மிதந்து போனது. எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. நானும் இடுப்பு வரை நனைந்துதான் நின்றுகொண்டிருந்தேன்.

கரைக்கு வந்த பிறகுதான் தொல்லை. மருமகள்களில் ஒருத்தி மட்டும் சமர்த்து, மாமியாருக்கென்று வேனில் ஒரு சுடிதாரை ஒளித்து எடுத்துவந்திருந்தாள். மாற்றிக்கொள்ள இடம்? பிரியாணி சாப்பிட விரித்த போர்வையை மருமகள்கள் இருவரும் ஒரு படகுக்குப் பின்னால் பிடித்தார்கள். காற்று அதைப் பிய்த்துப் பிய்த்து எடுத்தது. அந்த நேரம் பார்த்து செல்போனும் கையுமாக இரண்டு பேர் அந்தப் பக்கம் நடந்தார்கள். "அங்க இன்னாய்யா பார்வை?" என்று நான் போட்ட சத்தத்தில் கடற்கரையே திரும்பிப் பார்த்தது. அதுதான் நான் செய்த தப்பு. பாயம்மா அப்படியே சுருங்கிப்போனார். "வேணாம்மா. ஈரத்தோடவே வந்துடறேன்."

சீட் நனையாமல் இருக்க வேன் டிரைவர் சாக்கை விரித்தார். திருக்கழுக்குன்றம் தாண்டும் வரைக்கும் பாயம்மா நடுங்கிக்கொண்டே வந்தார். ரொம்ப நேரம் கழித்து, என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார்.

"நீ போட்ட படத்துல துணி மாத்த எடம் வச்சிருக்கியாம்மா?"

"குழாய் வச்சிருக்கேன் பாயம்மா. எட்டு குழாய்."

"எம்மாம் ஒசரத்துல?"

முழங்கால் உயரத்தில். காலை மட்டும் கழுவிக்கொள்ள. கையால் என் முழங்காலைத் தொட்டுக் காட்டினேன். ஊரெல்லாம் சொல்லுகிற அந்தப் பொய்யை, வருஷா வருஷம் நானே சொல்லுகிற பொய்யை, அப்படியே நம்பி அளவெடுத்து வரைந்திருக்கிறேன்! முப்பதடி வழியில் ஒரு பொம்பளை கதவைச் சாத்திக்கொண்டு நிற்க மூன்றடி இல்லை. அடுத்தவர் மேல் வருகிற கோபமெல்லாம் அன்றைக்கு என் மேலேயே வந்தது.

பாயம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "போதும்மா. இனிமே நான் கடலுக்கு வரல." முன்சீட்டில் இருந்த பாய் திரும்பி அவரையே பார்த்தார்.

திங்கட்கிழமை காலையில் உட்கார்ந்து படத்தைத் திருத்தினேன். உடை மாற்றும் அறைகளும் குளிக்கத் தண்ணீரும் மணலுக்குப் பக்கத்தில் இருந்தால்தான் உதவும். படத்தில் அங்கே இருந்தது ஒரே ஒரு பெரிய கடை. பாய் தன்னுடைய புது ஜவுளிக்கடைக்கென்று முதல் நாளே கேட்டு வாங்கிக்கொண்ட மூலை. கடலைப் பார்த்தபடி தன் போர்டு இருக்க வேண்டும் என்று அத்தனை ஆசையாகச் சொல்லியிருந்தார். வேறு இடம் தேடிப் பார்த்தேன். இல்லை. பென்சிலால் அந்தக் கடையின் மேலேயே அறைகளை வரைந்து எடுத்துக்கொண்டு போனேன்.

ஓட்டல்காரர் பார்த்ததும் சிரித்துவிட்டார். "வழியே நடுவுல வேணாம்னு சொல்றேன், நீங்க முன்னாடி கொண்டுவந்து குளியலறை வைக்கறீங்க. யாருக்காக மேடம் இதெல்லாம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் பாய் கையைக் காட்டித் தடுத்தார். படத்தைத் தன் பக்கம் இழுத்து, அந்த மூலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என் வூட்டுக்காரிக்கு" என்றார். "கண்ணாலம் கட்டி முப்பது வருசம் ஆவுது. நேத்து அவ சிரிச்சா மாதிரி சிரிச்சு நான் பாத்ததே இல்லப்பா. அப்பால வேன்ல அந்த மாதிரி நடுங்கினதையும் பாத்ததில்ல."

ஓட்டல்காரர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். பாய் நிமிரவில்லை. என் பென்சிலை வாங்கி, தன் கடையின் பெயரை அவரே கோடு போட்டு அடித்தார். "வழி நடுவுலதான் வரும். இந்த எடத்துல ரூம்பைக் கட்டு."

பென்சிலைத் திருப்பி நீட்டியவர், அதிலிருந்து கையை எடுக்காமலே கேட்டார்:

"எப்பம்மா முடியும்? சீக்கிரம் கட்டும்மா. அவளுக்கும் வயசாயிக்கினே போவுது."