எங்களைக் குடியேற்றப் பார்த்த மேயர்

மொன்றியலின் சென்ட் லோரன்ட் பகுதியில் நாங்கள் வாடகைக்கு இருந்த காலத்தில், குடிவந்தவர்களுக்கு உதவும் ஒரு சங்கம் சில குடும்பங்களை பஸ்ஸில் ஏற்றி ஒரு கிராமத்தைக் காட்டக் கூட்டிப்போனது. பிரெஞ்சைத் தவிர வேறு மொழியே கேட்காத ஊர். இளையவர்கள் நகரங்களுக்குப் போய்விட்டார்கள். புதுக் குடும்பங்கள் வராவிட்டால் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார்களாம். எனக்குத் துளியும் விருப்பமில்லை. மனைவிதான் பெயர் பதிந்துவிட்டு வந்தாள்.

"சும்மா பாத்திட்டு வருவம். சாப்பாடும் குடுக்கினமாம்."

மூன்று மணி நேரப் பயணம். இறங்கியதும், தீயணைப்பு வண்டி நிற்கும் கொட்டகைக்குள் ஊரே கூடி நின்று கைதட்டியது. நான் என்ன சாதித்துவிட்டேன் என்று தட்டுகிறார்கள்? மேயர் அறுபதைத் தாண்டிய பால் பண்ணைக்காரர். பிடித்த கையை மாலைவரை விடவில்லை. அவர் பேசியது பிடிபடாமல், பிரெஞ்சில் படிக்கும் என் பத்து வயது மகளைப் பார்த்தேன்.

"அப்பா, இவர் கதைக்கிறது எனக்கும் அரைவாசிதான் விளங்குது."

அங்கே பாதிப் பேருக்கு ஒரே குடும்பப் பெயர். தபால் கந்தோரில் இருந்தவள் மேயரின் மைத்துனி. ஆளுக்கு ஆள் ஒரே கேள்விதான்: "எங்கள் குளிரைத் தாங்குவீர்களா?" எட்டு வருடமாக மொன்றியலில் இருந்தவனிடம் கேட்கிற கேள்வியா? அவித்த பீன்ஸுக்குள்ளும் பன்றி இறைச்சி. சைவக்காரியான என் மனைவி வெறும் பாண் துண்டுகளைச் சாப்பிட்டாள்.

திரும்பும்போது அவளே சொன்னாள்: "எனக்குப் பிடிச்சிருக்கு. போவமே?"

"உமக்கென்ன விசரே? அங்கை போய் நான் மாடு கறக்கிறதே?"

"இஞ்சை மட்டும் என்ன செய்யிறியள்? பெட்டிக்கு டேப் ஒட்டுறியள்."

இரண்டு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அவள் பெயர் பதிந்த படிவத்தில் எங்கள் தொலைபேசி எண்ணையும் எழுதிக் கொடுத்திருந்தாள். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும், தேவாலயப் பூசை முடிந்த பிறகு மேயர் கூப்பிட்டார். காலி வீடு ஒன்று இருக்கிறது என்றார். அடுத்த வாரம் அதன் கூரையைத் திருத்தியாகிவிட்டது. அதற்கடுத்த வாரம் சீஸ் தொழிற்சாலையில் எனக்கு வேலை. பிறகு, பக்கத்து ஊரில் அரிசி விற்கும் கடையையும் கண்டுபிடித்துவிட்டார். ஒரு ஞாயிறு பொறுமை போய், தெரிந்த பிரெஞ்சில் கத்தினேன்.

"நாங்கள் வரமாட்டோம்! உங்கள் சொந்தப் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள்!"

அவர் மெதுவாக, எனக்கு விளங்கும்படி சொன்னார்: "கூப்பிடுகிறேன். மகள் உங்களுக்குப் பக்கத்தில் லவாலில், மகனும் லவாலில். ஞாயிறுகளில் முதலில் அவர்கள். பிறகுதான் நீங்கள்."

அதற்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை. அடுத்த வருடம் பள்ளிக்கூடம் மூடப்பட்டதைச் சங்கத்தில் சொன்னார்கள்.

சில வருடங்கள் கழிந்து, லவாலுக்கு மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியிருந்த நாட்களில், தொலைபேசியில் மறுபடி அதே குரல். பண்ணையை விற்றுவிட்டு மகளோடு லவாலில் இருக்கிறாராம். காப்பி குடிக்க வரவேண்டுமாம். மனைவி வர மறுத்தாள்.

"நாங்கள் போயிருந்தா அந்த மனுசன் இஞ்சை வந்திருக்காது."

"ஒரு குடும்பத்தாலை ஒரு ஊர் நிண்டிடுமே?" என்று சத்தம் போட்டுவிட்டுத் தனியாகப் போனேன். மெட்ரோவிலும் மனதுக்குள் அவளோடு வாதாடிக்கொண்டே இருந்தேன். மேயர் வாகன நெரிசலையும், முகம் பார்க்காத அயலவர்களையும் ஒரு மணி நேரம் திட்டித் தீர்த்தார். எழும்பும்போது, "மனைவி ஏன் வரவில்லை?" என்று கேட்டார்.

வேலை என்று பொய் சொன்னேன்.