பல் டாக்டரின் கட்டைவிரல்

வடகரை ஆள் ஒருவன் தென்காசிப் பல் டாக்டரைக் கடித்துவிட்டான், விஷம் ஏறி டாக்டர் மஞ்சளாகிவிட்டார் என்று 1957 சாரல் காலத்தில் குற்றாலம் முழுக்கப் பேச்சு. அருவிக்கரையில் கேட்டால் கடிபட்டது கட்டைவிரல். செங்கோட்டை பஸ்ஸில் கேட்டால் விரலே போய்விட்டது. தென்காசிக்கே போய் விசாரித்தால், விரல் இருந்தது. டாக்டரும் இருந்தார். மஞ்சளும் நிஜம். கடிதான் அகப்படவில்லை.

டாக்டர் சிவனணைந்தபெருமாளுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. ஒருவருக்குப் பல்லைப் பிடுங்கும்போதே பெஞ்சில் இருக்கிற அடுத்தவர் வாயை எட்டிப் பார்ப்பார். அந்தக் காலத்தில் ஈறு மரத்துப்போவதற்கு ஒரே ஊசியை வேகவைத்து, கல்லில் தீட்டித் தீட்டிப் பல பேருக்குப் போடுவது வழக்கம். போட்டு எடுத்த கையோடு, முனை மடங்கியிருக்கிறதா என்று இடது கட்டைவிரலில் ஓர் இழுப்பு இழுத்துப் பார்ப்பார். வேகவைத்த பிறகு பார்க்கக் கூடாதா? பார்க்கலாம். அதுவரை பொறுக்க வேண்டுமே!

“வெரல்ல இம்புட்டுப் புள்ளி இருக்கே, கோலம் போட்டு விடட்டுமா?” என்று அவர் மனைவி குழல்வாய்மொழி கேட்டதுண்டு.

பங்குனியில் மாடக்கண்ணு வந்தான். வடகரையில் வயல் பார்க்கிறவன், கல்யாணம் நிச்சயமானவன். உடைந்த கடைவாய்ப் பல்லின் மேல்பாதி இடுக்கியோடு வந்துவிட்டது, வேர் நின்றுவிட்டது. வேருக்காக மறுபடி ஊசி போட்டார் டாக்டர். எடுத்தார், விரலில் இழுத்தார். அன்றைக்கு முனை மடங்கித்தான் இருந்தது. ஆழமாகக் கிழித்துவிட்டது.

“போயிட்டு நாளைக்கு வாலே!” என்று விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே வெளியே ஓடினார். அதற்கு முன் உள்ளே மாடக்கண்ணுவின் அலறல். இப்போது வெளியே ரத்த விரல். பெஞ்சில் இருந்தவர்களுக்கு வேறென்ன தோன்றும்?

ஆனியில் டாக்டரின் கண் மஞ்சளானது. மனுசக் கடியின் விஷம்தான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. மறுவாரமே பெண்ணின் அப்பா தங்கசாமி சுந்தரபாண்டியபுரத்திலிருந்து வந்து நின்றார்.

“டாக்டரய்யா, ஒளிக்காமச் சொல்லணும். பய கடிப்பானா?”

டாக்டர் எழுந்தார், நடந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். கடித்தான் என்றால் அவனுக்குப் பெண் இல்லை. தன் ஊசிதான் என்றால், நாளைக்குத் தன் நாற்காலியில் யார் வந்து உட்காருவார்?

“கடிக்கலை.”

“பின்ன இந்தக் காமாலை?”

“தண்ணி சரியில்லை.”

“எந்தத் தண்ணி? குத்தாலத் தண்ணியையா சொல்லுதிய?” தங்கசாமி துண்டை உதறித் தோளில் போட்டார். “போதும். அருவியவே கொற சொல்லுதியன்னா, கடிச்சிருக்கான். நீங்க பெரிய மனுசன், மறைக்கிய. கடிக்கிற பயலுக்கு எம்புள்ளையக் குடுக்கவா?”

கீழாநெல்லி அரைத்த கிண்ணத்தோடு நின்ற குழல்வாய்மொழி சொன்னாள்: “நீங்க சொல்லுதியளா, நான் சொல்லட்டா?”

டாக்டர் கட்டைவிரலை நீட்டினார். “பாரும் வே. அத்தனையும் ஊசி. அடுத்தவன் ரத்தம் பட்ட ஊசியை வேகவைக்கும் முன்னால நானே குத்திக்கிட்டேன். இந்தக் காமாலை எவன் ரத்தத்துல வந்ததுன்னு எனக்கே தெரியாது. பல் அடையாளம் ஒண்ணு காட்டும், பாப்போம்.”

சந்தையில் மாட்டுப் பல்லைப் பார்ப்பவர்போல் தங்கசாமி விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஏன்யா, இதையா மெட்ராசுல போய்ப் படிச்சிட்டு வந்திய?”

ஆவணியில் கல்யாணம் நடந்தது. டாக்டருக்கும் உடம்பு தேறியது. ஆனால் நாற்காலியில் உட்காருகிறவர்கள் முதலிலேயே சொல்லிவிடுவார்கள்: “புடுங்குங்கய்யா. ஊசி மட்டும் வேண்டாம்.” அதிலிருந்து அலறல் ரதவீதி வரை கேட்கும். ஊசிக்குச் சம்மதிக்கிற ஒன்றிரண்டு பேருக்காக, டாக்டர் ஊசியை வேகவைத்த பிறகு பஞ்சில் இழுத்துப் பார்ப்பார். முனை மடங்கியிருந்தால் பஞ்சு சிக்கும். தண்ணீர் கொதிக்கும்வரை அடுப்பைச் சுற்றிச் சுற்றி வருவார்.

ஆனால் அந்த வேர்? பாதி வேலை பாக்கி என்று டாக்டர் வடகரைக்கு எத்தனையோ தடவை சொல்லியனுப்பினார். “அது அங்கனயே கெடக்கட்டும். அவுக மறுபடியும் வெரலக் கிழிச்சிக்கிட்டா, இந்தத் தடவ எம்பொண்டாட்டிலா ஓடிப்போவா!” என்று பதில் வந்தது.

அடுத்த சாரலில் ஐந்தருவியில் மாடக்கண்ணு வாயைப் பிளந்து சிரித்தபடி குளித்துக்கொண்டிருந்தான். கரையிலிருந்த டாக்டர் கண்டுகொண்டார்.

“ஏலே மாடக்கண்ணு! அந்த வேரு...”

அவன் வாயை இறுக்க மூடிக்கொண்டு அருவிக்குள் புகுந்தான். டாக்டர் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு, ஈரப்பாறையில் அங்கும் இங்கும் நடந்தார்.