காயாத சிவப்புக் கித்தார்

நாடு சுதந்திரம் பெற்றுச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. என் எலக்ட்ரிக் கித்தாரைச் சுரண்டிச் சிவப்புச் சாயம் அடிக்க, காஜா பெராங் தெருவிலிருந்த மேசை நாற்காலிக் கடையின் பாலிஷ்காரர் இரண்டு வாரம் கேட்டார். "நல்லா காயணும்ல தம்பி" என்றார். எரிச்சலோடு திரும்பி வந்து, இரும்புக் கேட்டுக்கு அடிக்கும் சாயத்தை நானே அடித்தேன். மூன்றாம் நாளே, "காஞ்சிருச்சு! பாலிஷ்காரன்லாம் எதுக்கு?" என்று வீட்டில் பீற்றிக்கொண்டேன்.

மறுநாள் ஆயுத பூஜை. கித்தாருக்கும் சந்தனம் வைத்து, குங்குமத்தை அழுத்தினாள் அக்கா. சாயம் குழைந்து அவள் விரல் பதிந்துவிட்டது.

"கண்ணு தெரியலையா உனக்கு?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன்.

சிவந்த விரலை முந்தானையில் துடைத்தபடி அவள் கேட்டாள்: "காஞ்சிருச்சுன்னு நீதானடா சொன்ன?"

கித்தாரில் உள்ள அந்தத் தழும்பைப் பார்க்கும்போதெல்லாம் இன்றும் கோபம் பொங்குகிறது. அக்கா மீதல்ல. அதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.